ஏழரை மணி ஊர்வலம்

ஹெல்மெட்டை மாட்டி, வாரை இறுக்கி, சாப்பாட்டுப் பையைக் குறுக்கே போட்டுக்கொண்டு முருகையன் தன் மோட்டார் பைக்கைத் தெருவில் இறக்கினார். பிறகு அதைத் தள்ளிக்கொண்டு நடந்தார். வண்டி வாங்கி மூன்று நாள் ஆகிறது. மூன்று நாளும் தள்ளல்தான்.

"ஏங்க, அதுல ஏறி உக்காந்துதான் போங்களேன்" என்றாள் மனைவி கலைவாணி, வாசலில் நின்றபடி. "நாம வாங்குனது பைக்கா, தள்ளுவண்டியா?"

முருகையனுக்கு ஹெல்மெட்டுக்குள் வியர்த்தது. பதில் கிடைக்குமா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். எதிர்வீட்டுக் கொடியில் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"ஷ்! மெதுவாப் பேசு கலை. எதிர்வீட்டுல பச்சக் குழந்தை தூங்குது. காலங்காத்தால டபடபன்னு சத்தம் போட்டா பயந்துக்காதா? முனைக்குப் போய் ஸ்டார்ட் பண்ணிக்கிறேன்."

உண்மை என்னவென்றால், முருகையனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

பத்தொன்பது வயதில் நண்பனின் வண்டியை ஒரே ஒரு தடவை ஓட்டினார். அது நேராக வாய்க்காலுக்குள் இறங்கியது. அன்றிலிருந்து கிளச், கியர் என்று யாராவது சொன்னாலே அவருக்கு முழங்கால் வலிக்கும். அதாவது பரவாயில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கலைவாணிக்குப் பாகூர்ப் பக்கம். வயலும் வரப்புமாக வாழ்ந்த குடும்பம். அந்த வீட்டில் ஆடு மாடு தவிர எல்லோரும் வண்டி ஓட்டுவார்கள். "மாப்பிள்ளைக்கு வண்டி பழக்கம் உண்டா?" என்று மாமனார் கேட்டதும், "பழக்கமா? காலேஜ்ல ரேஸே ஓட்டியிருக்கேன் மாமா" என்று சொல்லிவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற பெண் அதைக் கேட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்காகப் பதினெட்டு வருடமாகக் கட்டிக் காத்த பொய் அது. வண்டி இல்லாத வரைக்கும் பொய்க்கு ஓர் ஆபத்தும் வரவில்லை.

நகரின் மறுகோடி மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனி ஒன்றில் முருகையன் ஸ்டோர் கீப்பர். கூட வேலை பார்த்த பாவாடை ஓய்வு பெற்று மகளோடு இருக்க வெளியூர் கிளம்பியபோது, எட்டு வருடம் ஓடிய தன் வண்டியை விற்கப் போவதாகச் சொன்னார். முருகையன் அதை வீட்டில் வந்து உளறினார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவர் வேறு யாருமில்லை, அவரேதான்.

"வாங்கிடுங்க" என்றாள் கலைவாணி உடனே. "ரேஸ் ஓட்டுன மனுஷன் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போறத இன்னும் எத்தினி நாளுக்குப் பாக்கறது?"

வாங்கியாயிற்று. பாவாடையே ஓட்டி வந்து தெருமுனையில் இறக்கிவிட்டு, இரண்டு சாவியையும் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலியார்பேட்டையில் முருகையன் வீட்டுத் தெரு மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் ஒரு பூவரச மரம். அதன் அடியில் கோவிந்தராசுவின் இஸ்திரி வண்டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். முருகையன் பைக்கை மரத்தடியில் நிறுத்தி, "கொஞ்சம் பாத்துக்குங்க கோவிந்தராசு" என்பார். பேச்சைக் காசு கொடுத்து வாங்குவதுபோலச் செலவழிக்கும் கோவிந்தராசு, "ம்" என்பார். முருகையன் ரோட்டைத் தாண்டி பஸ் ஏறிவிடுவார். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வந்து, ஹெல்மெட்டை மாட்டி, வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார்.

நகருக்குள்ளேயே கதிர்காமத்தில் ஒரு மருந்துக் கடையில் கலைவாணிக்கு வேலை. அவர் போன பிறகு கிளம்பி, அவர் வருவதற்கு முன்பே வந்துவிடுவாள்.

"வண்டி எப்படிங்க ஓடுது?" என்று காப்பியை நீட்டுவாள்.

"தேர் மாதிரி ஓடுது."

தேரையும் ஆள் வைத்துத்தான் இழுக்கிறார்கள் என்பதால் இது பெரிய பொய்யில்லை என்று முருகையன் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஆனால் குழந்தை தூங்குகிறது என்று சொன்னது எதிர்வீட்டுச் சிவசங்கரியின் காதில் விழுந்துவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு அவள் சரியாகத் தூங்கியே இரண்டு மாதம் ஆகியிருந்தது. அழுதேவிட்டாள்.

"என் கூடப் பொறந்தவங்ககூட இப்படி நெனச்சுப் பாக்க மாட்டாங்கண்ணே" என்று சொன்னதோடு விடாமல், தெரு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டாள்.

அந்தக் குழுவுக்குத் தலைவர் கலியபெருமாள். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் ஒழுங்கு அவருக்குப் பரம்பரைச் சொத்து. அன்று மாலையே முருகையன் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, அப்பாவின் பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

"மெர்சி, முருகையா, மெர்சி! நம்ம தெருவுலயும் ஒரு மனுஷன் இருக்கான். நாளைலேருந்து எட்டு மணிக்கு முன்னாடி இந்தத் தெருவுல ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகக் கூடாது. எல்லாரும் உன்னை மாதிரி தள்ளிக்கிட்டுத்தான் போகணும்!"

மறுநாள் ஏழரைக்கு முருகையனுக்குப் பின்னால் ஏழு வண்டிகள் தள்ளிக்கொண்டு வரப்பட்டன. முன்னால் கலியபெருமாள் கையை வீசி நடந்தார். பார்த்தவர்கள் ஏதோ சாமி புறப்பாடு என்று செருப்பைக் கழற்றாததுதான் பாக்கி.

"சார், உங்க நல்ல மனசுக்கு நாங்க ஏன் சார் தள்ளணும்?" என்று மூச்சு வாங்கினான் பக்கத்து வீட்டு பிரேம்குமார். அவனுடையது புல்லட்.

தெருமுனையில் ஏழு வண்டியும் உறுமின. ஆனால் ஒன்றும் நகரவில்லை.

"வழிகாட்டினவன் முதல்ல போகட்டும்!" என்று கையைக் காட்டினார் கலியபெருமாள்.

முருகையன் சட்டென்று செல்போனைக் காதில் வைத்தார். "ஹலோ! ஆமா சார்! சொல்லுங்க சார்! ஹஹ்ஹா!" என்று மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார். "முக்கியமான கால். நீங்கல்லாம் போங்க."

நான்கு நாள் இந்த உபாயம் நடந்தது. ஐந்தாம் நாள் கலைவாணி தோசையைத் திருப்பிப் போட்டபடியே கேட்டாள்.

"தினமும் ஏழு முப்பத்தஞ்சுக்கு யாருங்க அது? மரத்துக்குப் பின்னால போய்ச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறீங்களாமே?"

"கஸ்டமர் கேர்."

"கஸ்டமர் கேர்கிட்ட எந்த மனுஷனாவது சிரிச்சுப் பேசுவானா?"

போனை விட்டார். மறுநாள் முனையில், "கார்புரேட்டர்ல ஏதோ தகராறு, நான் பஸ்ல போயிக்கிறேன்" என்றார். கார்புரேட்டர் வண்டியின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் எல்லோரும் வாயில் போட்டுக் குதப்பும் சொல் அது.

"அட, மெக்கானிக் சிலம்பரசன் என் மச்சான்தான் சார்!" என்று பிரேம்குமார் உடனே போன் போட்டான்.

வந்த சிலம்பரசன் வண்டியை ஓட்டி, மெயின் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தினான்.

"வண்டி தங்கம் சார்! பழகுன கைதான் ஓட்டுதுன்னு பாத்தாலே தெரியுது. சும்மா நிக்கிற வண்டின்னா இந்நேரம் பேட்டரி செத்திருக்கும். தினமும் ஓடுறதால ஜம்முனு இருக்கு. கியர் வெண்ணெய் மாதிரி விழுது."

பாவாடை எவ்வளவு நல்ல மனிதர் என்று முருகையன் நினைத்துக்கொண்டார்.

"அப்புறம் என்ன? ஏறுங்க சார்!" என்று எல்லோரும் கை தட்டினார்கள். ஒன்பது ஜோடிக் கண்கள் அவரையே பார்த்தன. முருகையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டே நிமிஷம்" என்று எடுத்த ஓட்டம், அடுத்த பஸ் ஸ்டாப்பில்தான் நின்றது.

கற்றுக்கொள்ளாமல் தப்பமுடியாது என்பது அவருக்கும் தெரிந்தது. ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, கிளச்சை விடுவது எப்படி என்று செல்போனில் வீடியோ பார்த்தார். பார்த்ததைப் பழக, மூட்டை ஒன்றின் மேல் கால் பரப்பி உட்கார்ந்து, இரண்டு வாளிகளைக் கவிழ்த்து அவற்றின் கைப்பிடிகளைப் பிடித்து முறுக்கினார். வாயால் இன்ஜின் சத்தமும் கொடுத்தார். மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தபோது பேக்கிங் பிரிவு லட்சுமி கதவைத் திறந்தாள்.

"இன்னாண்ணே, எங்க கிளம்பிட்டீங்க?"

முருகையன் பிரேக் போட்டார். வாளி உடைந்தது.

அந்த வாரம்தான் கலைவாணியின் தம்பி விஜய் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை பாகூரில் அவன் மகளுக்குக் காதுகுத்து.

"மாமா, அக்காவைப் பின்னால உக்கார வெச்சு வண்டியிலயே வந்துடுங்க. பதினெட்டு வருஷமா ரேஸு ரேஸுன்னு கேட்டுக்கிட்டே இருக்கோம். அப்பாவும் வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்து பாக்கறேன்னிருக்காரு."

முருகையன் சாய்ந்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் வலது மணிக்கட்டில் பெரிய கட்டோடு வீட்டுக்குள் நுழைந்தார். கட்டு கொடுத்தது கம்பெனி முதலுதவிப் பெட்டி. போட்டுக்கொண்டவர் அவரே.

"ஐயோ, இன்னாங்க ஆச்சு?"

"வாளி அடுக்கு சரிஞ்சிடுச்சு. ஒண்ணுமில்ல, சுளுக்குதான். ஆனா ஆக்சிலேட்டர் முறுக்க முடியாது."

கலைவாணி அவரை உட்கார வைத்தாள். சங்கரா மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, வாயில் ஊட்டினாள்.

"வலியோட நீங்க ஓட்ட வேணாம். பஸ்லயே போயிக்கலாம். விஜய் கேட்டா, எனக்குத்தான் வண்டியில உக்கார பயமாயிருக்குன்னு சொல்லிக்கிறேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம்."

முருகையன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். தன் மானத்தைக் காப்பாற்ற அவர் இரண்டு வாரமாக ஓடினார், ஒளிந்தார், வாளியை உடைத்தார். அதே மானத்தைக் காப்பாற்ற இவள் ஒரே நிமிடத்தில் தன்னைப் பயந்தவளாக்கிக்கொள்ளத் தயாராகிவிட்டாள். இப்படிப்பட்டவளிடம் இனி ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது. சிரித்தால் சிரிக்கட்டும். நாளைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டைப் பிரித்துக் குப்பையில் போட்டார்.

"கை சரியாயிடுச்சு கலை. வண்டியை எடுத்துக்கிட்டே போலாம்."

கலைவாணி பச்சை நிறச் சுடிதாரில் வந்து நின்றாள்.

"காதுகுத்துக்குச் சுடிதாரா?"

"வண்டியில போறோம்ல."

எட்டு மணி ஆகவில்லை என்பதால் இருவருமாகத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஊர்வலம் விடுமுறை. தெருவில் வேறு யாருமில்லை. பாதித் தெரு வந்ததும் முருகையன் நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"கலை, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

கலைவாணி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒரு நாள்கூட ஓட்டுனதில்ல. முனை வரைக்கும் தள்ளிட்டுப் போய், நிறுத்திட்டு, பஸ் ஏறிடுவேன். குழந்தை, போனு, கார்புரேட்டர், சுளுக்கு, எல்லாம் பொய்."

"அப்ப அந்த ரேஸு?"

"சைக்கிள் ரேஸ். அதுலயும் கடைசி."

கலைவாணி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று முருகையன் நினைத்தார்.

"அன்னிக்கு நீ கதவுக்குப் பின்னால சிரிச்சியா, அதுக்கப்புறம் வேற மாதிரி சொல்ல மனசு வரல. மன்னிச்சுடு கலை. வண்டியை வித்துடலாம்."

"வண்டியை விக்கவெல்லாம் வேணாம்" என்றாள் அவள் அவசரமாக. முகம் சிவந்திருந்தது. "சாயுது பாருங்க, நல்லாப் பிடிங்க. முதல்ல நடங்க."

நடந்தார்கள். மனதில் இருந்ததை இறக்கி வைத்ததில் முருகையனுக்கு உடம்பே லேசாகிவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்து அவளை உட்கார வைக்க வேண்டும், பூ வாங்கிக் கொடுக்க வேண்டும், பாகூரில் எல்லோர் முன்னிலையிலும் நானே சொல்லிச் சிரித்துவிட வேண்டும் என்று என்னென்னவோ தோன்றியது. பூவரச மரத்தடியில் வழக்கமான இடத்தில் வண்டியை நிறுத்தினார்.

"கோவிந்தராசு, சாயங்காலம் வரைக்கும் வண்டி இங்கயே இருக்கட்டும். நாங்க ரெண்டு பேரும் பஸ்ல போறோம்."

கலைவாணி அவர் கையைப் பற்றினாள். "ஏங்க, நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

அதற்குள் கோவிந்தராசு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். குனிந்து, தன் இஸ்திரி வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சிவப்பு ஹெல்மெட்டை எடுத்து, தூசியைத் தட்டி, முருகையனைத் தாண்டிக் கலைவாணியிடம் நீட்டினார்.

"இந்தாம்மா உன் ஹெல்மெட்டு. இன்னா இன்னிக்கு, சாரு பஸ் ஏறிப் போறதுக்கு முன்னாடியே வண்டிய எடுக்க வந்துட்ட?"