நாட்டுக்கு நான்கு சக்கரம்

மனிதர்களில் நாட்டுக்காகர் என்று ஓர் இனம் உண்டு. அகராதியில் தேடாதீர்கள், பெயர் வைத்தது நான்தான். இந்த இனத்தவர் தமக்கென்று எதுவும் செய்துகொள்ள மாட்டார். புதுச் சட்டை தைத்துக்கொண்டால் அது நாட்டுக்காக. வரிசையில் முண்டியடித்து முன்னே போய் நின்றால் அதுவும் நாட்டுக்காக. மேடையில் நடு நாற்காலி கிடைக்காமல் முகம் தொங்கிப்போனால், தொங்கியது அவர் முகம் இல்லை, நாட்டின் முகம். இவரை நீங்கள் கல்யாண வரவேற்பிலும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் பார்த்திருப்பீர்கள். அங்கே உள்ளவையெல்லாம் சின்ன உருப்படிகள். முழு வளர்ச்சியடைந்த ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் கார்ப் பந்தயத்துக்குத்தான் வர வேண்டும்.

அங்கே இருந்த ஒருவரை எல்லோரும் தலைவர் என்று கூப்பிட்டார்கள். எந்தக் கட்சிக்கும் தலைவர் இல்லை. கார் சீட்டுக்கு உறை தைத்து மாட்டும் கடை வைத்திருந்தவர். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் உட்காரும் இடம் வரைக்கும்தான். அதற்கு முன்னால் எஞ்சின் என்று ஒன்று இருப்பதாகக் கேள்வி. ஒருநாள் கடைத் தொலைக்காட்சியில் ஒரு புதுப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. நாட்டுக்கு ஓர் அணி, அணிக்கு ஒரு கார், காரின் மேல் அந்த நாட்டுக் கொடியின் நிறம். இருபத்திரண்டு நாடுகள் வளைந்து வளைந்து ஓடின. தலைவரின் நாட்டை மட்டும் காணோம். கையிலிருந்த உறையை அப்படியே கீழே போட்டார். அன்றைக்கு வந்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் முன் சீட்டுக்கு உறையோடும் பின் சீட்டுக்கு உறையில்லாமலும் வீடு போய்ச் சேர்ந்தார்.

அடுத்த மாதமே அணி பிறந்துவிட்டது. ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்களும் வெளியே சொல்ல வேண்டாம். அந்தப் பந்தயத்தில் எல்லா நாட்டுக்கும் ஒரே கார். ஒரே தொழிற்சாலையில் செய்தது. ஒரே எஞ்சின், ஒரே டயர், ஒரே பெட்ரோல். வித்தியாசம் பெயின்டில் மட்டும். அப்படியானால் நாடு எங்கே இருக்கிறது? பெயின்டில்தான் இருக்கிறது என்று தலைவர் உடனே கண்டுபிடித்துவிட்டார். மற்றவர்கள் எஞ்சின் ஆளைத் தேடி அலைந்தபோது அவர் பெயின்ட் ஆளைத் தேடினார். கிடைத்தவன் வெளிநாட்டுக்காரன். பெயின்டும் வெளிநாட்டுப் பெயின்ட்.

ஓட்டுநரைத் தேடித்தான் அலையவே வேண்டியிருக்கவில்லை. அக்கா மகன் இருந்தான். இருபத்தைந்து வயது, பழைய விமான ஓடுதளத்தில் கோகார்ட் என்ற குட்டிப் பந்தயக்கார் ஓட்டி அலமாரி நிறையக் கோப்பை வாங்கி வைத்திருந்தவன், அதிகம் பேசாதவன். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை பார்த்து அவனை ஒற்றை ஆளாக வளர்த்தவள் அக்கா. தலைவர் அவள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு நாடு, மானம், சரித்திரம் என்று அரைமணி நேரம் பொழிந்தார். அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"பந்தயக்கார் ஓட்டணும்கிறது அவனுக்குச் சின்ன வயசுல இருந்தே ஆசைடா தம்பி. ஒரு நல்ல வழி பண்ணிக் குடு, அது போதும். கொடியெல்லாம் நீயே வச்சுக்க" என்றாள்.

தலைவர் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார். மனதாரத்தான் செய்தார். இந்த இனத்தவர் பொய் சொல்கிறவர்கள் இல்லை. அதுதான் இவர்களோடு உள்ள தொல்லையே.

முதல் பந்தயத்தில் அணி இருபத்து மூன்றாவதாக வந்தது. மொத்தம் ஓடியதே இருபத்து மூன்று கார். நிருபர்கள் மைக்கை நீட்டியபோது தலைவர் அசரவில்லை. இருபத்திரண்டு நாடுகளுக்கு வழிவிட்ட பெருந்தன்மையை உலகம் இன்று பார்த்தது என்றார். இரண்டாவது பந்தயத்தில் சாலை சரியில்லை என்றார். மூன்றாவதில் வெயில். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் இங்கே ஆடியவன் ஒருநாளும் கூடத்தைக் குறை சொல்லவில்லை. அக்கா மகன் ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் ஸ்பானரோடு உட்கார்ந்து எந்த வளைவில் எத்தனை நொடி போயிற்று என்று எழுதிக்கொண்டிருந்தான். ஸ்பானர் என்பது தலைமை மெக்கானிக்கின் பட்டப்பெயர். தூங்கும்போதும் சட்டைப்பையில் ஒன்றை வைத்திருப்பார்.

பிறகு ஒரு நாள் மழை கொட்டியது. முன்னால் போன கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிப் புல்லில் போய் உட்கார்ந்தன. நம் கார் உட்காரவில்லை. மூன்றாவதாக வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று பொறாமைக்காரர்கள் சொன்னார்கள். அந்த மழையில் ஒன்றரை மணி நேரம் காரைக் கோட்டுக்குள் பிடித்து வைத்திருந்தவனுக்கு இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்திருந்தது. விமான நிலையத்தில் கூட்டம் திரண்டது. மறுநாள் செய்தித்தாள் படத்தில் நடுவில் தலைவர், அவருக்கு வலப்புறம் ஓர் அமைச்சர், இடப்புறம் இன்னோர் அமைச்சர், ஓரத்தில் பாதித் தோளும் ஒரு பையும். அந்தப் பாதித் தோள்தான் ஓட்டுநர்.

அன்று முதல் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. குழுக்கள் முளைத்தன. நிறக்குழு ஒன்று, கொடியின் சரியான நிறம் எது என்பதை முடிவு செய்யப் பதினான்கு முறை கூடியது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அடர்த்தியாக, கொஞ்சம் வெளிறலாக என்று முடிவு மாற மாற, பழைய பெயின்டின் மேலேயே புதுப் பெயின்ட் ஏறியது. பெயின்டே நாலு கிலோ ஏறிவிட்டது தலைவரே, வளைவில் இழுக்கிறது என்று ஸ்பானர் வந்து முறையிட்டார். நாடு என்றால் கனமாகத்தான் இருக்கும் என்று தலைவர் அவரைத் திருப்பி அனுப்பினார்.

ஆனாலும் ஒரு குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது. அந்த மழைப் பந்தயத்தில் பரிசு கொடுத்தபோது முதலில் வந்த நாட்டின் கீதத்தைத்தான் போட்டார்கள். மூன்றாவதாக வந்தவனுக்குக் கோப்பை உண்டு, கீதம் கிடையாது. தலைவரால் அதைத் தாங்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பியதும் ஆளுயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கி வாங்கி அணியின் கொட்டகையில் மாட்டினார், பந்தயம் நடக்கும் இடத்துக்கெல்லாம் அவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். எல்லோரும் கீதத்தின் முதல் பத்தியோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் மூன்று பத்தியையும் பாட வைத்துப் பதிவு செய்தார். இரண்டு நிமிடம், பத்து நொடி. பொத்தானைத் தம் இடுப்பு வாரிலேயே மாட்டிக்கொண்டார். கீதம் ஒலித்தால் யாராக இருந்தாலும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நிற்க வேண்டும் என்பது அணியின் முதல் விதி. இரண்டாவது விதி என்று ஒன்று எழுதப்படவே இல்லை. ஒருமுறை கீதத்தின் நடுவே ஒரு திருகாணியை முடுக்கிவிட்ட மெக்கானிக்கை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். அதன்பிறகு எல்லோரும் சிலையாக நிற்கப் பழகிக்கொண்டார்கள், இருமல் வந்தாலும் விழுங்கிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் அக்கா மகனுக்கு ஒரு கடிதம் வந்தது. உலகத்திலேயே பெரிய பந்தயக் குழு ஒன்றிலிருந்து. ஆண்டின் கடைசிப் பந்தயத்தைப் பார்க்க ஆள் அனுப்புகிறோம், முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் எங்கள் காரில் இரண்டு வருடம் இடம் தருகிறோம், அடுத்த வருடம் வயது கடந்துவிடும், அதனால் இந்த ஒரு பந்தயம்தான் என்று எழுதியிருந்தார்கள். அவன் கடிதத்தை முதலில் அம்மாவிடம் காட்டினான், பிறகு மாமாவிடம். தலைவர் அவனைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினார். நாட்டுக்குக் கிடைத்த அங்கீகாரம் என்றார்.

கடைசிப் பந்தயம் வந்தது. சாம்பல் நிறத் தொப்பி போட்ட ஒருவர், கையில் ஒரு சின்ன நோட்டோடு, எதிர்ப்பக்க மேடையில் உட்கார்ந்திருந்தார். பெரிய குழு அனுப்பிய ஆள் அவர்தான். அக்கா மகன் அன்றைக்கு ஓட்டியதை என்னவென்று சொல்வது? நாலு கிலோ பெயின்டையும் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் ஒருவரைத் தாண்டி, முப்பதாவது சுற்றில் முதலிடத்துக்கு வந்தான். அந்த நாடு எந்தப் பந்தயத்திலும் முதலில் ஓடியதில்லை. தொப்பிக்காரர் நோட்டில் ஏதோ எழுதினார். அக்கா தன் வீட்டில், தொலைக்காட்சியில் வரும் காரின் சத்தம் கேட்கப் பயந்து, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

பந்தயத்தின் நடுவில் ஒருமுறை கார் உள்ளே வந்து நான்கு சக்கரத்தையும் மாற்றிக்கொண்டு போக வேண்டும். ஸ்பானரின் ஆட்கள் அதை ஏழு நொடியில் முடிப்பார்கள். முப்பத்தொன்றாவது சுற்றில் கார் உள்ளே திரும்பியது. பின்னாலேயே தொலைக்காட்சிக் கேமராவும் ஓடி வந்தது. முதலில் ஓடும் நாடு அல்லவா? சிவப்பு விளக்கு எரிய, கேமராக் கண்ணாடி தலைவரின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. உலகமே பார்க்கிறது. தலைவரின் கண் நிறைந்தது, கை தானாக இடுப்புக்குப் போனது.

கீதம் முழங்கியது.

அப்போது மூன்று சக்கரம் மாட்டியாகிவிட்டது. நான்காவதைக் கையில் வைத்திருந்தவர் அதை மெதுவாகத் தரையில் வைத்தார். முடுக்கும் கருவியை வைத்திருந்தவர் கருவியை வைத்தார். பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து நின்றார்கள். எண்ணெய்க் கையோடு ஸ்பானர் தலைவரின் முகத்தையே பார்த்தார், ஒரு சின்னத் தலையசைப்பு வந்தால் போதும் என்று. தலைவர் நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அவர் காதில் ஹெட்போன் இருந்தது. காருக்குள் பட்டைகளால் கட்டுண்டு கிடந்தவனின் குரல் அதில் வந்தது. கத்தவில்லை அவன்.

"மாமா. ஒரு சக்கரம்தான் மாமா. கையைக் காட்டுங்க, போதும்."

கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் கீதத்தை நடுவில் நிறுத்துவதா, கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதுவும் இரண்டாவது பத்தியில்? அக்கா மகனுக்கு இன்னொரு வாய்ப்பு வரும், சின்ன வயசுதானே, நாட்டுக்கு வருமா என்று நினைத்தார். இல்லை, நினைத்ததாகப் பிற்பாடு நினைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் நினைத்ததெல்லாம் கன்னத்தில் இறங்கும் கண்ணீர் கேமராவில் தெரிகிறதா என்பதுதான்.

"மாமா" என்று இன்னொரு முறை வந்தது. பிறகு ஹெட்போனில் மூச்சு மட்டும் கேட்டது. இரண்டு நிமிடம், பத்து நொடி. மற்ற கார்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. கீதம் முடிந்து, சக்கரம் ஏறி, கார் வெளியே போனபோது பத்தொன்பதாவது இடம். அதிலிருந்தும் அவன் பதினொன்று வரைக்கும் கொண்டுவந்தான். அதைப் பார்க்கச் சாம்பல் தொப்பிக்காரர் அங்கே இல்லை.

இரண்டு நாள் வரைக்கும் நாடு கைதட்டியது. தலைநிமிர்ந்து நின்ற அணி என்று தலைப்புப் போட்டார்கள். மூன்றாம் நாள் யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் கேட்பானேன்? சக்கரம் கழற்றிய பொம்மைக் காரைச் சுற்றிப் பிள்ளைகள் விறைப்பாக நின்று விளையாடின. படத்தில் வலப்புறம் நின்ற அமைச்சர் பந்தயம் என்றால் என்னவென்றே தெரியாது என்றார், இடப்புறம் நின்றவர் அந்தப் படத்தில் இருப்பது தன் தம்பி என்றார். நிறக்குழு உறுப்பினர்கள் சதுரங்கத்துக்கும் படகோட்டத்துக்கும் தேசசேவை செய்யப் போனார்கள். ஸ்பானர் பேருந்துப் பணிமனையில் சேர்ந்தார். அடுத்த வருடம் வேறொருவன் ஓட்டி எல்லாப் பந்தயத்திலும் கடைசியாக வந்தான். அதற்கடுத்த வருடம் அந்தப் பந்தயமே நின்றுபோயிற்று. கார் தலைவரின் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு ஒரு சீட் உறை தைத்து மாட்டினார். அந்தக் காரில் அவர் சொந்தக் கையால் செய்த ஒரே வேலை அதுதான்.

அக்கா மகன் இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பயிற்சிக்காரில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தபடி, மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில், காலை முதல் மாலை வரை.

தலைவர் அவனுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் தயார் செய்தார். தாமே எழுதி, தாமே கையெழுத்திட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். அவள் வாங்கிப் பார்த்து மேசைமேல் குப்புற வைத்தாள். திட்டியிருந்தால் தலைவருக்குப் பதில் இருந்தது. அவள் திட்டவில்லை. உட்கார் என்றாள், தண்ணீர் கொடுத்தாள். பேச்சு ஓடாமல் தலைவரே ஆரம்பித்தார்.

"நாட்டுக்காகத்தானே அக்கா அன்னிக்கு..."

"அன்னிக்கு உன் காதுல பேசினது நாடு இல்லடா. என் பையன்."

தலைவர் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார், குடிக்காமல் கீழே வைத்தார். எந்த நிருபருக்கும் பதில் வைத்திருந்த வாய் அது. அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது என்றால் நம்புங்கள்.

அந்த அணி போய்விட்டது, இனம் போகவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு கீதம் இருக்கிறது. ஒருவருக்குக் குடும்ப மானம், ஒருவருக்கு ஆபீஸ், ஒருவருக்குக் கொள்கை, ஒருவருக்கு இலக்கியம். அது ஒலிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு சுகம் தெரியுமா? நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள். நல்லது, நம்புகிறேன். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து யாரோ உங்களை இரண்டு தடவை கூப்பிட்டார்களே, முதலில் எழுந்துபோய் என்னவென்று கேளுங்கள்.