கண்ணாடிக் கடை ஜெனரல்

தைரியசாலிகளில் இரண்டு வகை உண்டு. தைரியமாக இருக்கிறவர்கள் ஒரு வகை. மற்றவர்களைத் தைரியமாக இருக்கச் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்குப் பதக்கம் கொடுக்கிறார்கள், சிலை வைக்கிறார்கள். இரண்டாம் வகையை யாரும் கண்டுகொள்வதில்லை என்று அவர்களுக்கே ஒரு மனக்குறை. அந்தக் குறையை இன்று தீர்த்துவிடலாம்.

சாதாரண நாட்களில் இந்த ரகத்தை அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டம். உங்களையும் என்னையும் போல வரி கட்டிக்கொண்டு, வெயிலைத் திட்டிக்கொண்டு இருப்பார்கள். ஒரு யுத்தம் வர வேண்டும். அதுவும் யாருக்கும் பிடிக்காத யுத்தமாக இருந்தால் ரொம்ப விசேஷம். எல்லாருக்கும் பிடித்த யுத்தத்தில் இவர்களுக்கு என்ன வேலை? ‘எதுக்குய்யா இந்தச் சண்டை?’ என்று பஸ்ஸில் ஒருவர் ஆரம்பித்து, சலூனில் இன்னொருவர் தொடர்ந்து, டீவியில் போர்ச் செய்தி வந்த உடனே வீட்டுக்கு வீடு சேனலை மாற்ற ஆரம்பிக்கும்போதுதான் இவர்களுக்கு உள்ளேயிருந்து ஒரு அழைப்பு வரும்.

எங்கள் தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அது வந்தது. தெருவே அவரை ஜெனரல் என்று கூப்பிட ஆரம்பித்தது. கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். அவர் அதைப் பதவி உயர்வு என்று எடுத்துக்கொண்டார்.

ஜெனரலின் சித்தாந்தம் எளிமையானது. இங்கே யாராவது பெருமூச்சு விட்டால் அது காற்றிலேயே மிதந்து போய், மலை தாண்டி, பதுங்குகுழியில் உட்கார்ந்திருக்கும் சிப்பாயின் காதில் விழுந்து, அவன் மனசு உடைந்துவிடும். ஆகவே யாரும் பெருமூச்சு விடக்கூடாது. பக்கத்துத் தையல்கடைக்காரர் “சண்டை வேண்டாம்னு ஊர்வலம் போறவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கே” என்று சொல்லிப் பார்த்தார். “சண்டை சரியா தப்பாங்கறது வேற விஷயம். அங்க நிக்கிறது நம்ம பசங்க. அவங்க மனசு உடையலாமா?” என்றார் ஜெனரல். இது நியாயமான பேச்சுதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் அதோடு நிறுத்தினாரா? சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று சொன்ன மனைவியிடமும் இதையேதான் சொன்னார்.

“பசங்க அங்க சேத்துல நிக்கிறாங்க. உனக்குக் குழாய் சொட்டறது பெரிசாப் போச்சா?”

“இன்னும் ரெண்டு நாள் விட்டா நம்ம வீட்டுலயும் சேத்துலதான் நிக்கணும்” என்றாள் அந்த அம்மாள்.

கடைக்குப் போகிறவர்கள் பாடு இன்னும் மோசம். கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின் மேல் வில்லை மாற்றி மாற்றிப் பார்க்கிற அந்தக் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டிவிட்டால் நீங்கள் எழுந்து ஓடவும் முடியாது, ஓடினாலும் கதவு தெரியாது. எழுத்துப் பலகைக்குப் பக்கத்திலேயே போர்முனை வரைபடம் தொங்கும். “நாம நேத்து இந்தக் குன்றைப் பிடிச்சுட்டோம். நாம இப்ப ஆத்தைத் தாண்டறோம்” என்பார். எல்லாம் ‘நாம’தான். நாம நாம என்று அந்த மனிதர் இருந்த இடத்திலிருந்தே பாதி மலைத்தொடரை ஏறிவிட்டார். தெருவில் வீடு வீடாகப் போய்க் கம்பளிக் குல்லாய் சேகரித்து மூட்டை மூட்டையாகப் போர்முனைக்கு அனுப்பியதும் அவர்தான்.

இந்த நிலையில் அவருடைய அக்கா மகன், நிஜமான சிப்பாய், விடுப்பில் வந்தான். அக்கா குடியிருப்பது கடைக்கு மேல் மாடியில். கேட்கவேண்டுமா? ஜெனரல் தெருவையே திரட்டிக்கொண்டு படியேறினார். வந்தவர்கள் எல்லாம் அவன் முதுகில் தட்டினார்கள், கையைக் குலுக்கினார்கள், அவன் எப்படிப்பட்ட வீரன் என்று அவனுக்கே விளக்கினார்கள். பையன் சிரித்தபடியே உட்கார்ந்திருந்தான். போட்டோவுக்குச் சிரிக்கிற மாதிரி ஒரே சிரிப்பு. விடுப்பு கரைந்துகொண்டே போனது.

கடைசி நாள் மத்தியானம் அக்கா தம்பியை மாடிப்படியில் மடக்கினாள்.

“நாளைக்குக் கிளம்பிடுவான்டா. வந்ததுலேர்ந்து என்கிட்ட வாயே திறக்கல. எதைக் கேட்டாலும் ‘நல்லா இருக்கேம்மா’ங்கறான். தூக்கத்துல திடுக்குனு எழுந்து உக்காந்துக்கறான். அங்க எப்படி இருக்குன்னு நீயாவது கேளு. அம்மாகிட்ட சொல்லாததை மாமன்கிட்ட சொல்வான்.”

“இவ்வளவுதானே? கேட்டுட்டாப் போச்சு!” என்றார் ஜெனரல்.

மருமகனைக் கடைக்குக் கூட்டிவந்து, ஷட்டரைப் பாதி இறக்கி, பரிசோதனை நாற்காலியில் உட்கார வைத்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“டேய், அங்க எப்படிடா...” என்று ஆரம்பித்தார். வாய் சும்மா இருக்குமா? “எப்படிடா நாம அந்தக் குன்றைப் பிடிச்சோம்! பிரமாதம்டா!” என்று முடிந்தது.

மறுபடி முயன்றார். “உனக்கு அங்க பயம்... பயம்னா என்னன்னே தெரியாதே உனக்கு! யாரு மருமகன்!”

பையன் சிரித்தான். அதே சிரிப்பு.

ஒரு கேள்வி கேட்பது இவ்வளவு கஷ்டமா என்று அவருக்கே வியர்த்துவிட்டது. சரி, சுலபமான இடத்திலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தார். “நாம அனுப்பின குல்லாய் எல்லாம் வந்துச்சா?”

“வந்துச்சு மாமா. ரொம்ப உபயோகமா இருக்கு.”

“குளிருக்கு அடக்கமா இருக்கா?”

“அங்க குளிரே கிடையாது மாமா. கொளுத்துற வெயில். அடுப்புலேர்ந்து சட்டி இறக்கப் பிடிதுணியா வச்சிருக்கோம்.”

ஜெனரல் வரைபடத்தை ஒருமுறை பார்த்தார். அதில் மலை இருந்தது, ஆறு இருந்தது, வெயில் குறிக்கப்படவில்லை. என்ன செய்வதென்று தெரியாத கடைக்காரன் தன் தொழிலைத்தான் செய்வான். சோதனைச் சட்டத்தை எடுத்து மருமகன் மூக்கில் மாட்டினார். ஒரு வில்லையைப் போட்டார்.

கண்ணாடிக்காரர்களுக்கு ஒரு கட்டாயம் உண்டு. எவ்வளவு பெரிய வாயாடியாக இருந்தாலும் வில்லையை மாற்றியதும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும். நாக்கு ஜெனரலுடையதாக இருக்கலாம், கை கடைக்காரருடையது. பழக்கதோஷத்தில் கேட்டார்:

“இப்ப எப்படி இருக்கு?”

 அவர் வழக்கம்போலக் காத்திருந்தார்.

“பயமா இருக்கு மாமா.”

ஜெனரல் கையில் அடுத்த வில்லை அப்படியே நின்றது.

“என் பக்கத்துல படுத்துக்கிட்டிருந்தவன் இப்ப இல்ல. நாங்க யாரும் அவனைப் பத்திப் பேசறதில்ல. பேசினா மனசு உடைஞ்சிடும்னு மேலதிகாரிங்க சொல்லிட்டாங்க. இங்க வந்தா நீங்களும் அதையேதான் சொல்றீங்க. அப்புறம் நான் எங்கதான் மாமா பேசறது?”

“நாம...” என்று தொடங்கினார் ஜெனரல்.  பையன் சொன்னது ‘நாங்க’. அந்த ‘நாங்க’வில் தனக்கு இடமில்லை என்பது அவருக்கு உறைத்தது. வில்லையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சொல்லுடா” என்றார். அவன் நிறையச் சொன்னான். மாமன் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. பேசாமலிருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

படியில் அக்கா காத்திருந்தாள். “கேட்டியா? என்ன சொன்னான்?”

ஜெனரலின் நாக்கு நுனியில் ‘சிங்கம் மாதிரி இருக்கான்’ வந்து நின்றது. விழுங்கினார்.

“பயமா இருக்காம்க்கா.”

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். “அப்பாடா” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் பயம்னு நினைச்சிட்டிருந்தேன்டா.” எழுந்து மகனிடம் போனாள்.

சாயங்காலம் வாழ்த்துச் சொல்லக் கிளம்பிவந்த தையல்கடைக்காரரை ஜெனரல் படிக்கட்டிலேயே மறித்தார்.

“அம்மாவும் பிள்ளையும் பேசிக்கிட்டிருக்காங்க. நாளைக்கு வாங்க.”

“நாளைக்கு அவன் கிளம்பிடுவானேப்பா?”

“அதனாலதான் சொல்றேன்.”

உடனே அவர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வாரமே ஒரு வாடிக்கையாளரை நாற்காலியில் வைத்து ஆற்றைத் தாண்டிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். குல்லாய் சேகரிப்பை மட்டும் நிறுத்திவிட்டார்.

நல்ல வேளை, நாம் இந்த ரகமில்லை என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. ரொம்ப சந்தோஷம். போன மாதம் ஆஸ்பத்திரியில் உங்கள் நண்பரைப் பார்க்கப் போனீர்களே, அவர் தலையணையில் சாய்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீங்கள் உடனே அவர் கையைத் தட்டி, “ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க” என்று சொல்லிவிட்டு, லிப்ட் வருவதற்குள் படியிறங்கி வந்துவிட்டீர்கள்.

அவர் என்ன சொல்ல வந்தார்?