கசப்புக் கொடியும் ஒழுக்கச் சுற்றறிக்கையும்

மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கசப்பால் கட்டுப்படுத்துவது என்று மூலிகை ஆய்வு நிலையம் தீர்மானித்தது. வேலியோரம் படர்ந்து, ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகும் ஒரு கொடி அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. முன்னோர்கள் அதைக் கருத்தடைக்குப் பயன்படுத்தியதாகக் கேள்வி. அந்த முன்னோர்களுக்கு ஆளுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் என்பதைக் கோப்பில் யாரும் சேர்க்கவில்லை.

கொடியை அரைத்து, கஷாயமாக்கி, எலிகளுக்குப் புகட்டும் பொறுப்பு உதவி ஆய்வாளரிடம் வந்தது. கல்யாணமான கையோடு அவள் கணவனை வேறோர் ஊர்க் கிளைக்குத் தூக்கியடித்திருந்தார்கள். "ஆய்வு முடியட்டும்மா, அன்னிக்கே உங்க மாறுதல்ல கையெழுத்துப் போடறேன்" என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். அவளும் எலிகளைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்தாள்.

ஒரே ஒரு சிக்கல்.

"சார், ரூம்ல ஆண் எலி ஒரு பக்கம், பெண் எலி ஒரு பக்கம் இருக்கு. நடுவுல பலகைத் தடுப்பு வேற."

"இருக்கணும். ஒழுக்கச் சுற்றறிக்கை படிக்கலையா? வளாகத்தில் தங்குவோர் ஆண் பெண் தனித்தனியே."

"அது விடுதிக்கு சார்."

"எலி எங்கே தங்குது? வளாகத்துலதானே?"

"அப்புறம் எப்படி சார் குட்டி போடும்?"

"போடக் கூடாதுன்னுதானேம்மா ஆராய்ச்சியே!"

மாறுதலை நினைத்து அவள் கஷாயக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எலிகளிடம் போனாள்.

ஆய்வு மகத்தான வெற்றி. கஷாயம் குடித்த எலி ஒன்றுகூடக் குட்டி போடவில்லை. ஒப்பீட்டுக்காக வெறும் தண்ணீர் குடித்த எலிகளும் போடவில்லை. கொடியின் வாசனையே போதுமானது என்று அறிக்கையில் ஒரு பத்தி ஏறியது. ஆண் எலிகளும் கருவுறவில்லை என்பதை இயக்குநர் தனியாகக் குறிப்பிட்டு மகிழ்ந்தார். ஊரில் கொடியைத் தொட்டியில் வளர்ப்பது நாகரிகமாயிற்று. கல்யாணம் ஆகாதவர்கள்கூட முன்ஜாக்கிரதையாக இரண்டு தொட்டி வாங்கி வைத்தார்கள்.

"சார், என் மாறுதல்..."

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"நாலு சார்."

"குழந்தை?"

"அவர் அங்கே, நான் இங்கே. எப்படி சார்?"

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "தினமும் கொடியைத் தொடற கை! மனிதர்கள்ல கிடைச்ச முதல் ஆதாரமே நீங்கதான். உங்களை எப்படிம்மா அனுப்ப முடியும்?"

சில நாள் கழித்து, காலையில் அவள் எலி அறையைத் திறந்தபோது கீச்சுக்கீச்சென்று சத்தம். பலகையின் அடியில் ஓர் ஓட்டை. மரத்தூளுக்குள் செக்கச்செவேலென்று குட்டிகள். அவளுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. இயக்குநரைக் கையோடு அழைத்து வந்தாள்.

"கொடி வேலை செய்யலை சார்! இனிமே நான் போகலாமில்லையா?"

அவர் குட்டிகளை மிகுந்த மனவேதனையுடன் பார்த்தார். "ஒழுங்கு கெட்ட எலிங்க. ஆய்வுலேருந்து நீக்கிடுங்க. இனி நமக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆதாரம் நீங்கதான். பத்திரமா இருங்கம்மா."

அவள் வராந்தாவுக்கு வந்து கணவனுக்குப் போன் செய்தாள்.

"எலிங்க யார்கிட்டயும் மனுப் போடலைங்க. பலகையைக் கடிச்சுதுங்க, போச்சுதுங்க. நீங்களும் பேசாம இன்னிக்கே பஸ் ஏறி வந்துடுங்க."

மறுமுனையில் அவன் ஆவேசமாகச் சொன்னான்:

"வந்துடறேன்மா. யார் தடுத்தாலும் வந்துடறேன். அனுமதி கேட்டு இப்பவே எழுதிப் போடறேன்."