இத்ரீஸ் மேல் எடுத்த பாலிசி

"நீங்க கையெழுத்துப் போட்டீங்களா இல்லையா அத்தா? அதை மட்டும் சொல்லுங்க."

"போட்டேன். எதுல போடறேன்னு நீ சொல்லல."

"சொன்னேன். நீங்க போன்ல குருமிளகு வெலை கேட்டுட்டு இருந்தீங்க. தலைய ஆட்டினீங்க."

"அது போன்ல இருந்தவனுக்கு ஆட்டினது."

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு இந்தச் சத்தம் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, எதிர்க் கடையில் வேண்டாத சாமான்களை வாங்க ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். கத்தியது அமீருதீன் ராவுத்தரும் அவர் மகள் லமியாவும். மிளகு ஏற்றுமதி செய்கிற குடும்பம். கீழே ஆபீசும் குடோனும், மேலே வீடு. அந்த வீட்டில் யாராவது தும்மினால்கூட பஜாரில் மிளகு விலை ஏறியதாகப் பேச்சு வரும்.

அமீருதீனுக்கு ஊரில் ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையைப் பற்றி அவரே சொன்னால்தான் பொருத்தமாக இருக்கும். அவரும் சலிக்காமல் சொல்வார். முப்பது வருஷமாக ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு மிளகு அனுப்புகிறார். நாட்டின் பேர் வேண்டாம், இன்னமும் சரக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே வாங்குகிறவர் இத்ரீஸ். "எனக்கும் இத்ரீசுக்கும் நடுவுல ஒரு காகிதம் கிடையாது. கை கொடுத்தா முடிஞ்சுது" என்பார் அமீருதீன். கல்யாண விருந்துகளில் இந்தப் பேச்சு தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் தட்டோடு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள்.

அந்தப் பெருமைக்குத்தான் இப்போது ஆபத்து. எம்.காம் முடித்து ஆபீசில் வந்து உட்கார்ந்த லமியா, இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு அரசாங்கக் காப்பீடு எடுத்தாள். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பிப் பணம் வராமல் போனால் ஈடு தருகிற காப்பீடு. வாங்கியவர் ஏமாற்றினாலும் தருவார்கள். வாங்கியவர் தங்கம், அவர் நாடுதான் கவிழ்ந்துவிட்டது என்றாலும் தருவார்கள். அமீருதீன் பார்வையில் இரண்டும் ஒன்றுதான். கூடப் பிறக்காத தம்பிக்கு எதிராகக் காசு கட்டுவது.

நாலு மாதத்துக்கு முன் இத்ரீசின் நாட்டில் ராணுவம் அதிபர் மாளிகைக்குள் புகுந்தது. அங்கிருந்து ஒரு டாலரும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. அமீருதீன் அனுப்பிய ஒரு கன்டெய்னர் மிளகு அதற்கு முன்பே அங்கே விற்றுத் தீர்ந்திருந்தது. ஈடு கேட்டு விண்ணப்பம் போடலாம் என்றாள் லமியா. ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்து, அமீருதீன் அதில் கையெழுத்துப் போட்டார். முதல் கையெழுத்துக்குப் பழி போட ஒரு போன் இருந்தது. இரண்டாவதுக்கு யாரும் இல்லை. காலையில் அவர் கத்தியதெல்லாம் அந்த இரண்டாவதுக்காகத்தான்.

பணம் அனுப்ப முடியவில்லையே என்று முகத்துக்கு முகம் வருத்தம் சொல்ல இத்ரீஸ் நேரில் கிளம்பி வந்துகொண்டிருந்தார். பதினொரு மணிக்கு வீட்டுக்கு வருவதாகச் செய்தி. காப்பீட்டு ஆபீசிலிருந்து விசாரணைக்கு வரும் ஆபீசரும் அதே நாள் அதே பதினொரு மணி. இரண்டு பேரும் தனித்தனியாக எழுதித் தெரிவித்திருந்தார்கள். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது.

"இத்ரீசுக்குத் தெரிஞ்சா முப்பது வருஷமும் போச்சு" என்றார் அமீருதீன். மனைவி லதீஃபா, வருகிறவர்கள் இரண்டு பேருக்கும் வயிறு உண்டு, பிரியாணி ஒரே சட்டிதான், அதைப் பற்றி யாராவது யோசித்தீர்களா என்று கேட்டாள். யாரும் யோசித்திருக்கவில்லை.

ஆபீசரை இன்னொரு நாள் வரச் சொல்ல லமியா போன் செய்தாள். அவர் எறணாகுளத்திலிருந்து படகில் ஏறிவிட்டார். இன்று விட்டால் மேலிடத்தில் தேதி வாங்க ஆறு வாரம் ஆகும் என்றார். அமீருதீன் உடனே மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர் தலைவர் ராசப்பனைக் கூப்பிட்டு, படகு ஜெட்டியில் போய் அந்த ஆளுக்குச் சாயா வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொன்னார்.

அதுதான் தப்பாகப் போயிற்று. ஷமீல் என்கிற அந்த ஆபீசர் பாலக்காட்டுப் பையன். விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவன். ஈடு கேட்கிறவர் பக்கத்து ஆள் சாயா வாங்கித் தருகிறான் என்றதும் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ராசப்பனிடமிருந்து கையை உருவிக்கொண்டு ஏறத்தாழ ஓடியே வந்தான். பின்னால் ராசப்பனும் ஓடி வந்தார். இத்ரீசின் டாக்ஸி நின்ற அதே நிமிஷம், சரியாகப் பதினொன்றுக்குப் பதினைந்து நிமிஷம் முன்னால், ஆபீசரும் வாசலில் நின்றான்.

இத்ரீஸ் நல்ல உயரம், நல்ல பருமன். துபாயில் மலையாளிகளோடு பன்னிரண்டு வருஷம் இருந்தவர்; அவர் மலையாளம் நம் பையன்கள் பேசுவதைவிடச் சுத்தம். அமீருதீனைக் கட்டிப் பிடித்தவர் விடவில்லை. கூட வழுக்கைத் தலையோடு ஒரு ஆள், கையில் நோட்டுப் புத்தகம். தங்கச்சி மகன், ஊர் பார்க்க வந்திருக்கிறான் என்றார் இத்ரீஸ்.

அந்தத் தழுவலுக்கு வெளியிலிருந்து ஷமீல் தொண்டையைச் செருமினான்.

"அமீருதீன் சாருங்களா? நான் இன்—"

"இன்ஷா அல்லாஹ்" என்றார் அமீருதீன், இத்ரீசின் தோளுக்கு மேலே தலையை நீட்டி. "வாங்க மாப்பிள்ளை, உள்ள வாங்க."

யார் இது என்று இத்ரீஸ் கேட்டார். லமியாவைப் பெண் பார்க்க வந்த பையன் என்று அமீருதீன் வாயிலிருந்து வந்துவிட்டது. அவரே அதைக் கேட்டுத் திடுக்கிட்டார். பையன் தனியாகவா வருவான், உம்மா இல்லை, பெரியம்மா இல்லை, ஒரு கிலோ ஹல்வாகூட இல்லையே என்று இத்ரீஸ் கேட்டதற்கு, இப்போது பாலக்காட்டில் இப்படித்தான் என்றார். கையில் இருந்த ஃபைல்? அது பயோடேட்டா. பையன் கொஞ்சம் விரிவாக எழுதுவான்.

சாயாவோடு வந்த லமியா, டம்ளரை நீட்டும் சாக்கில் குனிந்து விஷயத்தைச் சொன்னாள். "பத்து நிமிஷம் நீங்க மாப்பிள்ளை. பேசாம இருந்தா போதும்."

"எங்க விதியில அதுக்கு இடமில்லையே" என்றான் ஷமீல்.

"வேண்டாம்னு சொல்றதுக்கும் இடமில்லைல்ல?"

ஷமீல் யோசித்தான். அப்படி ஒரு விதியும் அவனுக்கு நினைவில் வரவில்லை. ஆனால் சாயாவை மட்டும் தொடவில்லை. பணியாரத்தையும் தொடவில்லை. அடக்கமான பையன் என்று இத்ரீஸ் அமீருதீனின் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

பத்து நிமிஷம் கழிந்ததும் ஷமீல் எழுந்து, குடோனைப் பார்க்க வேண்டும் என்றான். பெண் பார்க்க வந்தவன் குடோனை ஏன் பார்க்க வேண்டும் என்று இத்ரீஸ் முகம் கேட்டது. வியாபாரக் குடும்பத்தில் சம்பந்தம் செய்கிறவன் சரக்கைப் பார்ப்பான் என்று அமீருதீன் சமாளித்தார். எல்லோரும் கீழே இறங்கினார்கள். வாசலில் காத்திருந்த ராசப்பனும் சேர்ந்துகொண்டார்; கல்யாணம் என்ற சொல் அவர் காதில் விழுந்து நாலு நிமிஷம் ஆகியிருந்தது, அதனால் பஜாரின் மறுகோடிக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

தங்கச்சி மகனுக்கு மூட்டைகளில் அக்கறை இல்லை. ராசப்பனிடம் இங்கிலீஷில் என்னவோ கேட்டான், லமியா மொழிபெயர்த்தாள். இங்கே வருஷத்துக்கு எத்தனை ஹர்த்தால், கடையடைத்துக் கப்பலுக்குச் சரக்குப் போகாமல் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்கிறானாம். ராசப்பனிடம் அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சொல்லிக் கொடு மோளே. இங்க ஹர்த்தால்னா ஒரு ஈகூடப் பறக்காது. நூத்துக்கு நூறு. ஒரு சாக்கு நகராது. நகர்த்தினா நாங்க விடமாட்டோம்."

ஒவ்வொரு வருஷமாக அவர் கணக்கு வேறு சொன்னார். தங்கச்சி மகன் எல்லாவற்றையும் எழுதி, இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டான். எந்த ஊர்க்காரனுக்கு நம் ஊர் மேல் இவ்வளவு ஆசை என்று ராசப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அதற்குள் இத்ரீஸ் ஒரு மூட்டையில் கைவிட்டு மிளகை முகர்ந்தார். வாசனையில் சொக்கிப்போய், சும்மா இருக்க முடியாமல் ஒரு வார்த்தை விட்டார். போன கன்டெய்னரும் அருமைதான், ஒரு பத்துச் சாக்கில் மட்டும் கொஞ்சம் ஈரம்.

"என் குருமிளகுலயா ஈரம்?" என்றார் அமீருதீன்.

ஷமீலின் பேனா வெளியே வந்தது. சரக்கில் தகராறு என்று ஒன்று இருந்தால், அது தீரும்வரை ஈடு கிடையாது, அதுதான் விதி. லமியா அத்தாவின் பாதத்தை மிதித்தாள். அவருக்கும் புரிந்தது. முப்பது வருஷத்தில் சொல்லாத சொல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு, பஜார் முழுக்கக் கேட்கச் சொன்னார்: "இருக்கும். மழைக்காலம்ல. ஈரம் இருந்திருக்கும்."

ராசப்பன் தோளிலிருந்து துண்டு கீழே விழுந்தது. தகராறு தீரவில்லை, ஷமீல் இன்னும் வேகமாக எழுதினான். குறையை விற்றவரே ஒப்புக்கொண்டால் அது தகராறைவிட மோசம். தங்கச்சி மகனும் புதுப் பக்கம் திருப்பினான். அமீருதீன் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். பெருமையைக் கொடுத்தும் காரியம் நடக்கவில்லையே என்ற முகம்.

அந்த முகத்தைப் பார்த்ததும் இத்ரீஸ் கையிலிருந்த மிளகை மூட்டையில் போட்டார். ஈரம் இல்லை, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சத்தியம் செய்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். "கெடு தேதி அன்னைக்கே எங்க ஊர்ப் பணத்தை பேங்க்ல கட்டிட்டேன், அமீர்க்கா. சர்க்கார்தான் வெளிய விடல. இது பேங்க் கொடுத்த சர்டிபிகேட். இது சரக்குல ஒரு குறையும் இல்லன்னு என் கையெழுத்து. மூணு காப்பி இருக்கு. யார்ட்ட வேணும்னாலும் காட்டிக்குங்க."

ஷமீல் அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்தான். முத்திரை, தேதி, தொகை, எல்லாம் விதிப் புத்தகம் கேட்ட வரிசையில். ஆறு வருஷ வேலையில் இப்படி ஒரு காகிதத்தை அவன் பார்த்ததே இல்லை. அவன் முகம் அப்படியே மலர்ந்தது. பக்கத்தில் லமியா நின்றிருந்தாள்.

அந்த மலர்ச்சியை இத்ரீஸ் தப்பாக எடுத்துக்கொண்டார். பையனுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லி, அங்கேயே, மூட்டைகளுக்கு நடுவில், கையேந்தி நிச்சயத்துக்கு ஃபாத்திஹா ஓதத் தொடங்கிவிட்டார். துஆ நடக்கும்போது கையைத் தொங்கப் போட்டு நிற்கிற வழக்கம் நம்மவர்களுக்கு இல்லை. அமீருதீன் கையேந்தினார். லமியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஷமீலின் கையும் ஃபைலோடு மேலே போயிற்று. எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். பழக்கத்தில் ராசப்பனும் சொன்னார்.

அதோடு கல்யாணம் நிச்சயமாயிற்று. அது அப்போது இத்ரீசுக்கும் பஜாருக்கும் மட்டும்தான் தெரியும்.

மறுநாள் ஷமீல் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினான்: இந்தக் குடும்பத்தோடு எனக்கு உறவு ஏற்பட வாய்ப்பிருப்பதால், ஃபைலை வேறு ஆபீசருக்கு மாற்ற வேண்டுகிறேன். அதன் நகலை லமியாவுக்கு அனுப்பினான். அவளுக்கு வந்த காதல் கடிதம் அது ஒன்றுதான். விஸ்வநாத் என்று வேறு ஒருவர் வந்து, பிரியாணியைத் தொடாமல், எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணிப் பார்த்து, ஈட்டுக்குச் சிபாரிசு செய்தார். ஈடு வந்த பிறகுதான் ஷமீலின் உம்மாவும் இரண்டு பெரியம்மாக்களும், ஹல்வாவோடு, பாலக்காட்டிலிருந்து முறையாகப் பெண் கேட்டு வந்தார்கள்.

நிக்காஹ் மட்டாஞ்சேரியில் நடந்தது. இப்போது இரண்டு பேரும் காக்கநாட்டில் பத்தாவது மாடியில் இருக்கிறார்கள். லமியா அங்கிருந்தே ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குப் பாலிசி எழுதிக் கொடுக்கிறாள். வீட்டில் யார் தலையாட்டினாலும் எதற்கு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறாளாம்.

நிக்காஹுக்கு இத்ரீசும் வந்திருந்தார், அதே தங்கச்சி மகனோடு. விருந்தில் அமீருதீன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமான பேச்சைத் தொடங்கினார். ஒரு காகிதம் கிடையாது என்ற இடத்தில் அவரே நிறுத்தி, தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். பக்கத்து ஆட்கள் முதல் தடவையாகத் தட்டோடு நகராமல் இருந்தார்கள். இரண்டு வருஷமாக உன் நாட்டுக்கு எதிராகப் பாலிசி எடுத்திருந்தேன், மாப்பிள்ளை அன்று வந்தது பெண் பார்க்க இல்லை, என்னை மன்னித்துவிடு என்று இத்ரீசின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இத்ரீஸ் தட்டுப் பக்கம் குனிந்தார். பிரியாணியில் எலும்பு தேடினார். வெகுநேரம் தேடினார்.

தங்கச்சி மகன் கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமான இங்கிலீஷில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான்: "நான் இவர் தங்கை மகன் இல்லை, எங்கள் அரசாங்கக் காப்பீட்டு ஆபீசர், கொச்சி ஹர்த்தாலுக்குப் பயந்து இவர் பத்தொன்பது வருஷமாக உங்கள் மேல் பாலிசி கட்டிக்கொண்டு வருகிறார்."