நாப்பது எழுத்துக்கு மேல போன தாசில்தார் பேரு

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு ஜாதகத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்.

தொண்ணூறுகளோட கடைசி. திருநெல்வேலி ஜங்ஷன்ல, ஒரு மாடியில கல்யாணத் தகவல் மையம். முதலாளியை எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம். இந்தப் பக்கத்துல இன்டர்நெட்டுல வரன் காட்டுத ஒரே ஆளு தான்தான்னு அவருக்கு ஒரு பெருமை. சர்வர்ல ஓடுத ப்ரோகிராமை வெளிய வாங்க மனசில்லாம, "நீயே எழுதிரு லே"ன்னுட்டாவ.

நானும் எழுதுனேன். படிச்சது ஆறு மாசம் சி மொழி. தைரியம் மட்டும் ஆறு வருசத்துக்கு இருந்துச்சு.

ஜாதகம் கொண்டு வந்தவரு ஓய்வு பெற்ற தாசில்தார். பையன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் இன்ஜினீயர், வயசு இருபத்தேழு. பேரு, நட்சத்திரம், வேலை எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல தட்டிட்டு, கடைசியா அப்பா பேரு கேட்டேன்.

"வி.எம்.எஸ். சிவசுப்பிரமணிய சங்கரநாராயணன், கமா, ரிட்டயர்டு தாசில்தார். முழுசாப் போடும் வே."

முழுசாப் போட்டேன். திரையில முழுசா வந்துச்சு. அவரு திருப்தியா எந்திரிச்சுப் போனாவ. நானும் டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் அம்பாசமுத்திரத்துலேர்ந்து ஒரு பொண்ணோட அப்பா போன் பண்ணுனாரு.

"மாப்பிள்ளைக்கு வயசு இருபத்தேழுன்னு போட்டிருக்கு. வேலைன்னு பாத்தா ரிட்டயர்டு தாசில்தார்னு போட்டிருக்கு. எத்தனை வயசுல வே வேலைக்குச் சேந்தாரு?"

திறந்து பாத்தேன். அவரு சொன்னது சரிதான். கம்ப்யூட்டர் இன்ஜினீயரைக் காணோம்.

எண்ணிப் பாத்தேன். அப்பா பேருக்கு நான் ஒதுக்குன இடம் நாப்பது எழுத்து. கமாவும் அதுக்கப்புறம் உள்ள இடைவெளியும் சேத்து, சரியா நாப்பதுல நின்னுச்சு. 'ரிட்டயர்டு தாசில்தார்' மட்டும் வழிஞ்சு, பக்கத்துல இருந்த பையன் வேலைக் கட்டத்துல போய் உக்காந்துட்டு. வாரது எத்தனை எழுத்துன்னு ப்ரோகிராம் ஒரு இடத்துலயும் அளக்கலை. நான் சொல்லிக் குடுத்தால்ல அளக்கும்.

விஷயம் கேள்விப்பட்டு தாசில்தாரு நேர்ல வந்தாவ. எனக்குத் தெரிஞ்ச மட்டும் விளக்குனேன்.

பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னாவ: "அதாவது, என் பேரு பக்கத்து நிலத்தை ஆக்கிரமிப்பு பண்ணிட்டுங்கீரு."

"அப்படித்தான் சார்."

"முப்பது வருசம் ஆக்கிரமிப்பை அகத்துனவன் வே நான். எல்லைக்கல்லு நட்டிருந்தீரா?"

"நடலை சார்."

"அப்போ குத்தம் யாரு மேல?"

எந்திரிச்சு ஃபேன் வேகத்தைக் கூட்டுனேன்.

"கூடக் கொஞ்சம் இடம் குடுக்க முடியாதா?"

"குடுத்தா, இதுவரை ஏத்துன எல்லா ஜாதகமும் தடம் மாறிடும் சார்."

"சரி, கல்லை நடும்"னுட்டுப் போயிட்டாவ.

அன்னைக்கே நட்டேன். வரன் வீட்டுக்காரவுக இன்டர்நெட்டுல விவரம் பூர்த்தி பண்ணுத பக்கத்துல, நாப்பதுக்கு மேல ஒரு எழுத்தும் தட்ட முடியாதபடி செஞ்சேன். அண்ணாச்சிகிட்ட, "இனி பிரம்மாவே வந்தாலும் நாப்பத்தொண்ணாவது எழுத்து உள்ள வராது"ன்னேன். அண்ணாச்சி பக்கோடா வாங்கிக் குடுத்தாவ.

ரெண்டாம் நாள் காலையில சர்வர் செத்துட்டு. ஒரு ஜாதகமும் தெரியலை. திரும்ப ஓட்டுனேன். அஞ்சு நிமிஷம் ஓடிட்டுத் திரும்பவும் செத்துட்டு.

அண்ணாச்சி கரண்டு மேல சந்தேகப்பட்டாவ. எலக்ட்ரீஷியன் வந்து, கரண்டு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு சுவிட்சை மாத்திட்டுப் போனாரு. சர்வர் திரும்பவும் செத்துச்சு. அப்புறம் அண்ணாச்சிக்கு மிஷினோட திசை மேல சந்தேகம். அதைத் தூக்கி வடக்கப் பாக்க வச்சோம். வடக்கப் பாத்துக்கிட்டே செத்துச்சு.

பதினோராவது தடவை ஓட்டும்போது பெங்களூர்லேர்ந்து போன். தாசில்தாரோட பையன்.

"சார், எங்க விவரத்தைத் திருத்தி அனுப்புதேன், போகவே மாட்டேங்குது. காலையிலேர்ந்து விடாம அனுப்பிக்கிட்டேதான் இருக்கேன்."

"பேரு கட்டத்துல நாப்பதுக்கு மேல தட்ட முடியாதே தம்பி?"

"தட்ட முடியுதே. போன் பில்லு ஏறுதுன்னு உங்க பக்கத்தைப் போன வாரமே என் கம்ப்யூட்டர்ல சேமிச்சு வச்சுட்டேன். அதுல நிரப்பித்தான் அனுப்புதேன். அப்பா வேற, பேருக்குப் பின்னால திருப்பணிக் கமிட்டித் தலைவர், ஓய்வூதியர் சங்கச் செயலாளர், இன்னும் நாலு பதவி சேக்கச் சொன்னாவ."

அது நான் கல்லு நடுததுக்கு முந்துன பக்கம். இந்தத் தடவை பக்கத்துக் கட்டம் மட்டுமில்ல, தெருவே போயிட்டு.

மத்தியானம் தாசில்தாரே வந்து என் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்தாவ.

"கல்லை எங்கன நட்டீரு?"

"பூர்த்தி பண்ணுத பக்கத்துல சார்."

"அந்தப் பக்கம் இப்போ யாருகிட்ட இருக்கு?"

"உங்க பையன்கிட்ட."

"அவன் வீட்டு வாசல்ல கல்லை நட்டுட்டு, உம்ம நிலம் பத்திரம்னு இருந்திருக்கீரு. உம்ம எல்லையில நடும் வே."

அப்புறம் நடந்ததுதான் என் வாழ்க்கையில கடுமையான பரீட்சை. ப்ரோகிராமை முழுசா அச்செடுக்கச் சொன்னாவ. சி மொழியில அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனா வெளியிலேர்ந்து வாரதை வாங்கி வைக்குத ஒவ்வொரு வரிக்கும் விரலை வச்சு, "இங்கன அளந்தீரா?"ன்னு கேட்டாவ. பத்தொன்பது இடம். பத்தொன்பதுலயும் "இல்ல சார்." ஒவ்வொண்ணாத் திருத்தத் திருத்த, ஓரத்துல சிவப்பு மையில சுருக்கொப்பம் போட்டாவ.

சாயங்காலம் பையன் திரும்ப அனுப்புனான். சர்வர் சாகலை. வேலைக் கட்டத்துல கம்ப்யூட்டர் இன்ஜினீயர் வந்துட்டாரு. அப்பா பேரு மட்டும் கமாவோட நின்னுடுச்சு.

தாசில்தாரு அந்தக் கமாவை ரொம்ப நேரம் பாத்தாவ.

"இதுக்குப் பொறவு?"

"எல்லைக்கு அந்தப்பக்கம் சார்."

குடையை எடுத்துக்கிட்டுப் பைய இறங்கிப் போனாவ.

அம்பாசமுத்திரத்துக்காரருக்கு நானே போன் போட்டு, எல்லாம் சரியாயிட்டு, மாப்பிள்ளை கம்ப்யூட்டர் இன்ஜினீயர்தான்னு சொன்னேன்.

"அப்படியா. தாசில்தார்னாப் பொண்ணைக் குடுத்திருப்போம்"னு போனை வச்சுட்டாரு.

அந்த வருசம் எனக்கு வரன் பாக்க ஆரம்பிச்சப்போ, வேலைங்கிற கட்டத்தை மட்டும் காலியா விடச் சொல்லிட்டேன்.