மூலை பார்க்கும் மாப்பிள்ளை

கேமராவுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு என் மாப்பிள்ளை வீட்டைவிட்டே போய்விட்டார் என்று எதிர்வீட்டுத் தையல்காரி சொல்லித் திரிகிறாளே, அது சுத்தப் பொய். லிஃப்ட் பழுதுபார்க்கிற கம்பெனி தூரத்து ஊருக்கு மாற்றல் போட்டது, போனார். அவருக்குக் கிறுக்கு என்கிறாளே, அதுவும் பொய். அவர் ஒரு தனி இனம். பழைய டிஜிட்டல் கேமரா வாங்குகிற இனம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய சாமான் கடையைத் தாண்டும்போது நடை தளரும். யாரோ போன் வாங்கியதும் கழித்துப் போட்ட கேமரா ஒன்றைக் கையில் எடுப்பார், காதோரம் வைத்து ஆட்டுவார், பேட்டரி மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார், கண்ணாடியில் ஹா என்று ஊதிச் சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் தேடி, "இதெல்லாம் இப்போ யாரு வாங்குறா?" என்று கடைக்காரரிடம் அலுத்துக்கொண்டே வாங்கி வந்துவிடுவார். பெண் பார்க்க வந்த அன்று என் மகளை அவர் இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை.

வாங்கிய பிறகுதான் யோசனை கேட்பார்.

"அத்தை, ஒரு பழைய கேமரா விலைக்கு வருது. வாங்கலாமா?"

"வேணாம் மாப்பிள்ளை."

"இல்ல அத்தை, இதோட கலரே தனி. இப்போ இந்த மாதிரி செய்யறதே இல்ல."

"அப்போ வாங்குங்க."

"பேட்டரி நிக்காது போலிருக்கே."

"அப்போ வேணாம்."

"பையில இருக்கு. காட்டட்டுமா?"

இப்படிப்பட்ட மனுஷரை எப்படித் திட்டுவது?

படம் எடுப்பார் என்று நினைக்காதீர்கள். டெஸ்ட் எடுப்பார். சமையலறைக் குழாய், ஜன்னல் திரை, நான். எங்கள் மூன்று பேரையும் விதவிதமான கேமராவில் எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிசாக்கி, படத்தின் மூலையைப் பார்ப்பார். நடுவில் நான் கண்ணை மூடியிருக்கிறேனா, வாயைப் பிளந்திருக்கிறேனா, அதெல்லாம் அவர் கண்ணில் படாது. "மூலை கொஞ்சம் மங்குது அத்தை" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார். எனக்கும் கண்ணெல்லாம் மங்கித்தான் கிடக்கிறது. அதற்கு இப்படி வருத்தப்பட்டாரா? அந்தக் கேமராக்களில் பாதிக்கு உள்ளே இருக்கிற கடிகாரம் செத்துவிட்டது. திறக்கும்போதெல்லாம் தேதி கேட்கும். அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவிடுவார்.

மாற்றல் உத்தரவு வந்ததும் என் மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நாலு பேரும் சேர்ந்து ஒரு படம். அலமாரி நிறையக் கேமரா இருக்கிற வீட்டில் அவர் இருக்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. எடுக்கிறவர் எப்படிப் படத்தில் இருப்பார்?

"போன்ல எடுத்துடலாம்ப்பா" என்றாள் பேத்தி.

"போன்லயா? இதுக்கா?" என்றார். அவமானப்படுத்திவிட்டாளாம்.

கிளம்புகிற நாள்வரை எந்தக் கேமரா என்ற ஆராய்ச்சி ஓயவில்லை. ஒன்றுக்குச் சார்ஜ் நிற்கவில்லை. ஒன்றுக்குக் கார்டு நுழையவில்லை. மூன்றாவதில் கார்டு நிரம்பிக் கிடந்தது, அத்தனையும் குழாய்.

"அழிங்க" என்றாள் என் மகள்.

"எப்படி அழிக்கிறது? நாளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேணாமா?"

"நான் பக்கத்துல நிக்கறதவிட அந்தக் குழாய் முக்கியமா போச்சா?"

ஒரு குழாயை மட்டும் அழித்தார். ஒரு படத்துக்கு இடம் கிடைத்தது. அரிசி டின்மேல் கேமராவை உட்கார வைத்தார். எங்களை வரிசையாக நிறுத்தி, என் மகளுக்கும் பேத்திக்கும் நடுவில் தனக்கு இடம் விட்டார். தானாக எடுக்கிற பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்குச் சிமிட்டத் தொடங்கியது. வாசலில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது.

"ஒரே நிமிஷம் அண்ணே" என்று சொல்ல வாசலுக்கு ஓடினார். கேமரா அண்ணனுக்காகக் காத்திருக்குமா? எடுத்துவிட்டது. ஓட்டுநரும் காத்திருக்க மாட்டேன் என்றுவிட்டார். பெட்டியை எடுத்தார், போனார். வண்டியில் ஏறும்போது கத்திய கடைசி வார்த்தை என்ன தெரியுமா? "அத்தை, மூலை தெளிவா இருக்கான்னு பாருங்க."

பார்த்தோம். படத்தில் மூன்று பேர், நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் காலி. மூன்று தலையும் வாசல் பக்கம் திரும்பியிருக்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாது. கீழே இருந்த தேதியைப் பேத்திதான் படித்தாள். அவர் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வருவதற்கும் முந்தின வருஷமாம். வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டார் பாருங்கள்.

அப்புறம் அவரைப் போலவே பெரிசாக்கி மூலையைக் காட்டினாள். அங்கே வாசற்படியில் நிற்கிறார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு. துளி மங்கல் இல்லை. கேமரா வாங்கியது லாபமா நஷ்டமா என்று தையல்காரி இனி என்னிடம் கேட்கட்டும்.

நீங்கள் சிரிக்காதீர்கள். என்னிடம் பழைய கேமரா கிடையாதே என்று நழுவவும் வேண்டாம். உங்கள் வீட்டுப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு உங்களைத் தேடுங்கள். மூலையில்கூட நீங்கள் இல்லையென்றால், வண்டி வருவதற்குள் போய் நடுவில் நில்லுங்கள்.