அவரைப் பந்தலடியில் ஒரு சம்பந்தம்

கொல்லைப்புறத்தில் காய் வளர்ப்பவர்கள் இரண்டு வகை. விற்கிறவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. வேண்டாமென்றால் வாங்காமல் இருந்துவிடலாம். இன்னொரு வகை, சும்மா கொடுக்கிறவர்கள். இவர்களிடமிருந்து தப்பிக்க இதுவரை வழி கண்டுபிடிக்கப்படவில்லை.

இந்த ரகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நீங்கள் நிற்கும்போது மஞ்சள் பையோடு வாசலில் நிற்பார். "சும்மா, வீட்ல காய்ச்சது" என்பார். வாங்கிக்கொண்டால் விட்டதா? சாயங்காலம் மறுபடி வருவார். நல்லாயிருந்தது என்று நீங்கள் சொன்னால் போதாது. எப்படி நல்லாயிருந்தது, நார் உரிக்கவே வேண்டியதில்லையே கவனித்தீர்களா, தேங்காய் போடாமலே தேங்காய் மணம் அடித்திருக்குமே என்று முழுப் பரீட்சையும் நடத்தி, நீங்கள் தேறிவிட்டால் பரிசாக இன்னொரு பை தருவார். தேறாவிட்டால்? ஒழுங்காகச் சமைத்துப் பார்க்கச் சொல்லி இரண்டு பை.

ராஜபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு சோலைராஜ் அப்படிப்பட்டவர். மில்லில் மேஸ்திரி. ஆடியில் அவரை விதை ஊன்றினார் என்றால் மாசி முடிகிறவரை அந்த வீட்டு வாசலை வேறு காய் மிதிக்க முடியாது. செடியில் பேன் பிடிக்காமல் இருக்க அடுப்புச் சாம்பல் தூவ வேண்டும். தொண்ணூறு வாக்கில் தெருவில் ஒவ்வொரு வீடாகக் கேஸ் அடுப்பு வந்து சாம்பல் அருகிப் போனது. கேஸ் வாங்கியவர்களோடு அவர் பேச்சை நிறுத்தினார். காய் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

அவர் மனைவி வேலுத்தாய் காலையில் அவரைப் பொரியல், மத்தியானம் அவரைப் புளிக்குழம்பு, ராத்திரி அவரைக் கூட்டு என்று ஆக்கிப் போட்டுவிட்டு, எங்கள் வீட்டு அடுப்பில் ரகசியமாக உருளைக்கிழங்கு வறுத்து, நின்றுகொண்டே தின்றுவிட்டுப் போவார்.

இதுவரை சிரிக்கலாம். ஆனால் மகள் மாரிச்செல்விக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கியபோது சிரிப்பு நின்றுபோனது. சேத்தூரிலிருந்து வந்தவர்களில் ஒரு பெரியம்மா, "அவரைக்காய் வாய்வு" என்று வாய்விட்டாள். சோலைராஜ் எழுந்து போய் அவர்கள் செருப்பைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். கான்சாபுரத்துக்காரர்கள் ஒன்றுமே சொல்லவில்லை. பொரியலை இரண்டாம் முறை கேட்கவுமில்லை. அந்தச் சம்பந்தமும் போனது. மாரிச்செல்வி அதன்பிறகு பந்தல் பக்கமே போவதில்லை.

மூன்றாவதாக ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து ஆவுடையப்பன் குடும்பம் வருவதாகச் சொல்லி அனுப்பியது. பையன் காளிராஜ் போலீஸ்காரன். நல்ல பையன் என்று விசாரித்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வேலுத்தாய் கண் கலங்கிவிட்டார்.

"இந்தத் தடவையாச்சும் அவரைக்காய்ப் பேச்சை எடுக்காதிய. பிள்ளை முகத்தைப் பாருங்க."

"பேச்செடுக்க மாட்டேன், போ."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வாயால் ஒரு வார்த்தை பேசவில்லை. வாழைக்காய் பஜ்ஜி போட வேண்டிய மாவில், வேலுத்தாய் சேலை மாற்றப் போன நேரத்தில், அவரைக்காயை முக்கிப் பொரித்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரன் என்று என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். ஆவுடையப்பன் கையில் ஒரு பை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் பையோடு வந்தால் உள்ளே என்ன இருக்கும்? நான் பால்கோவாவுக்கு நாக்கைத் தயார் செய்துகொண்டேன். பஜ்ஜித் தட்டு காலியானதும் அவர் பையை அதில் கவிழ்த்தார். பச்சைப் பசேலென்று அவரைக்காய்.

"சும்மா, வீட்ல காய்ச்சது" என்றார்.

சோலைராஜ் எழுந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவருக்கு மகள் பிறந்த அன்றுகூட நான் பார்த்ததில்லை. ஒரு காயை எடுத்தார். முகர்ந்தார். ஒடித்தார். வெளிச்சம் அணைந்தது.

"கோழி அவரையா அண்ணாச்சி? கொஞ்சம் நார் ஓடுதே."

"நாரா? உங்க பஜ்ஜியில இருந்ததைத்தான் செத்த நேரமா பல்லுல இருந்து எடுத்துக்கிட்டு இருக்கேன். பட்டை அவரைதானே?"

இருவரும் பந்தலுக்குப் போனார்கள். விலக்கிவிட நானும் போனேன். காய் நீளமா சதையா, புளிக்கா பருப்புக்கா என்று ஆரம்பித்தது, "எருவு போடத் தெரியாத வீட்ல பொண்ணு எடுக்க மாட்டேன்" என்பதிலும், "கோழி அவரையைக் காய்னு சொல்றவிய வீட்டுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்பதிலும் வந்து நின்றது.

வீட்டுக்குள் மாரிச்செல்வி காப்பி கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். காளிராஜ் மெதுவாகக் கேட்டிருக்கிறான்.

"இங்கேயும் தினமும் இதேதானா?"

"காப்பியில மட்டும் இன்னும் போடல."

அவன் போலீஸில் சேர்ந்ததே மெஸ் சாப்பாட்டுக்காகத்தான் என்றானாம். அவள் அன்றுதான் சிரித்தாள் என்று வேலுத்தாய் பிற்பாடு என் மனைவியிடம் சொன்னார்.

பந்தலடியில் ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பத் தயாரானார். அப்போது அவர் மனைவி சீனியம்மாள் வெற்றிலை மென்றபடி கொல்லைக்கு வந்தார்.

"நானும் மதினியும் தட்டு மாத்தியாச்சு. மாசியில கல்யாணம். நீங்க பேசி முடிச்சிட்டு மெதுவா வாங்க."

ஆவுடையப்பன் மடித்த வேட்டியை இறக்கிவிட்டார். சோலைராஜ் கேட்டார்: "பந்திக்கு எந்த அவரை?"

மாசியில், மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலில் தாலி கட்டியானது. இலையில் இரண்டு அவரையும் இல்லை. சம்பந்தியம்மாக்கள் இருவரும் சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லி முட்டைக்கோஸ் போட்டிருந்தார்கள். சம்பந்திகள் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து அதை விரலால் ஒதுக்கினார்கள்.

"இதையும் மனுசன் திங்கான்" என்றார் ஆவுடையப்பன்.

"அம்புட்டும் தண்ணி அண்ணாச்சி" என்றார் சோலைராஜ்.

அன்றுதான் அவர்கள் உறவானார்கள்.

படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும். உங்களிடம் பந்தலும் இல்லை, கொல்லையும் இல்லை. ஆனால் போன வாரம் வீட்டுக்கு வந்தவரை, செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் மாடிக்கு இழுத்துப்போய், தொட்டியில் காய்த்த அந்த ஒரே கத்தரிக்காயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னது யார்? அவர் "நல்லாருக்கு" என்றாரே, அப்போது நீங்கள் கத்தரிக்காயைத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.